கைக்கு ஒரு டோக்கன்

எழுதுகிற ஆள் இல்லை நான். எட்டாவது வரை படித்தேன். அதன் பிறகு அம்மாவுக்குக் கடிதம், கடைக்கு மளிகை லிஸ்ட், இவ்வளவுதான் என் எழுத்து. ஒரு மனிதரைப் பற்றி நாலு பேர் படிக்கும்படி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் எழுத வேண்டும். ஆனால் அவரைப் பற்றி ஒரு விஷயம் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். அவர் பெயரை எழுதப் போவதில்லை.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வரிசையில் மூன்றாவது வீடு அவருடையது. எழுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டி வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. பேசிக்கொண்டு இருக்கும்போதே வலது கை விரல்கள் தொடையில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கும். எதிரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுகிறார் என்பது எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

மைன்ஸில் அவருக்குக் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிற வேலை. பெல்ட் கிளம்புவதற்கு முன்னால் சங்கு ஊதும். பாதையில் யாரும் இல்லை என்று அந்தக் கோடியிலிருந்து போனில் சொல்லிவிட்டால் ஸ்விட்சைப் போடலாம். அவர் போனை நம்பமாட்டாராம். சைக்கிளை எடுத்துக்கொண்டு பெல்ட் ஓரமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் போடுவாராம். என் கணவருக்கும் அதே பக்கம்தான் வேலை. "அவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சிகினு போயி, திரும்பி வந்து ஒரு பட்டனை அமுக்கற ஆளை எங்கனா பாத்திருக்கியா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பிளாக் பிள்ளைகள் அவருக்குத் தலையெண்ணி மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். தெருவிளக்கு போட்டதும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். இவர் கேட்டில் நின்று வழியை மறித்தார்.

"ஏழு பேர் ஆடினீங்க. ஆறு பேர் போறீங்க. இன்னொண்ணு எங்க?"

"தெரியல மாமா. வீட்டுக்குப் போயிருக்கும்."

"போச்சுன்னு நீ பாத்தியா?"

யாரும் பார்க்கவில்லை. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்த் தேடினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை ஒளிந்த இடத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. யாரோ கண்டுபிடிக்க வருவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அதைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து மற்ற பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, "ஆட்டம் முடிஞ்சிடுச்சுன்னு ஒளிஞ்சிருக்கறவங்களுக்கு யார் போய்ச் சொல்றது?" என்று கேட்டார். அதட்டவில்லை. பதில் தெரியாமல் கேட்பவர் மாதிரிதான் கேட்டார்.

தைப்பூசத்துக்கு எங்கள் பிளாக் பெண்களை அவர்தான் வடலூருக்குக் கூட்டிப் போவார். அந்தக் கூட்டத்தில் பத்தடிக்கு ஒரு தரம் நிறுத்தி எண்ணுவார். பக்கத்து வீட்டு கோமதி அக்காவுக்கு வாய் அதிகம். "ஏங்க, ஜோதி பாக்க வந்தோமா, ஷிப்டுக்கு ஆஜர் மஸ்டர் போட வந்தோமா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தாங்க. நீங்க ஜோதியப் பாருங்க, நான் உங்களப் பாக்கறேன்" என்றார் அவர். அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. எங்களில் ஒருத்தி செருப்பை விட்ட இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள். அவள் வந்து சேரும்வரை அவர் நெற்றியில் வேர்த்துக்கொண்டே இருந்தது. தை மாதத்துக் குளிரில்.

ஏன் இப்படி என்பதை அவர் மனைவி ஒரு நாள் எனக்குச் சொன்னார். வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். நெய்வேலிக்கு வருவதற்கு முன் அவர் வடக்கே எங்கேயோ ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தாராம். பாதாளத்தில் இறங்குகிற சுரங்கம். ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். மேலே ஏறி வந்ததும் டோக்கனைக் கொடுக்கவேண்டும். எல்லா டோக்கனும் வந்த பிறகுதான் கீழே வெடி வைப்பார்கள். வாங்கி எண்ணுகிற வேலை இவருக்கு. ஒரு நாள் ஒருவன், பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டாளியின் டோக்கனையும் சேர்த்துப் போட்டுவிட்டான். கூட்டாளி எதையோ மறந்துவிட்டுத் திரும்பிக் கீழே போயிருக்கிறான். இவர் எண்ணினார். சரியாக இருந்தது. "எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

"கணக்கு சரியாத்தாம்மா இருந்துச்சு. ஆளுதான் இல்ல" என்றார் அந்த அம்மா. "இவர் மேல தப்பு இல்லன்னுதான் அங்க எல்லாரும் சொன்னாங்க. இவர் ஒருத்தர்தான் அப்படிச் சொல்லல."

நான் சொல்ல வந்தது ஒரு மைசூர் டூரைப் பற்றி, அதற்கு நாலு வருஷம் முன்பே இதெல்லாம் எனக்குத் தெரியும். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் பிறகு சொல்ல முடியாது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பிளாக்கில் எல்லாரும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து மைசூருக்குப் போனோம். அரண்மனை, ரயில் மியூசியம், சாயங்காலம் பிருந்தாவனம் தோட்டம், அன்று ராத்திரியே திரும்புவது என்று ஏற்பாடு. என் கணவருக்கு ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை. நானும் என் மாமனாரும் போனோம். மாமனார் கம்மாபுரம் பக்கம். நாங்கள் வரச் சொல்லி எங்களோடு வந்து இருந்தார். அறுபத்தைந்து தாண்டிவிட்டது. இடது காது கேட்காது, வலது காது பாதி.

முப்பத்தெட்டு பேர். பொறுப்பு அவருடையது என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். தேய்ந்துபோன பெல்ட் ரப்பரை வட்டம் வட்டமாக வெட்டி, வெள்ளை பெயிண்டில் ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை நம்பர் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பித்தளையில் செய்தால் பிள்ளைகளுக்குக் கையைக் கிழிக்கும் என்று ரப்பர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும்போது படியில் ஒரு தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதில் போட்டுவிட்டு ஏறவேண்டும்.

"கைக்கு ஒண்ணு" என்று கிளம்பும்போதே சொன்னார். "புருஷன் டோக்கனப் பொண்டாட்டி போடக்கூடாது, பிள்ளை டோக்கன அம்மா போடக்கூடாது. கைக்கு ஒண்ணுதான்."

"கைக்குழந்தைக்கு?" என்று கோமதி அக்கா கேட்டார்.

"அது கையில குடுத்து, அது கையாலயே போட வைங்க."

அரண்மனையில் என் மாமனார் சிறுநீர் கழிக்கப் போய்விட்டு வரத் தாமதமாகிவிட்டது. வயசாகிவிட்டதால் அவருக்கு அந்தத் தொந்தரவு உண்டு. இவர் படியில் நின்றுகொண்டு, "ஒன்பதாம் நம்பர் இன்னும் வரல! ஒன்பதாம் நம்பர் பெரியவர் எங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார். மாமனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். கம்மாபுரத்தில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை செய்கிற மனிதர். முகம் கறுத்துப்போய் ஏறினார்.

ரயில் மியூசியம் எனக்குப் பிடித்திருந்தது. என்னைவிட உயரமான சக்கரங்கள் வைத்த கரி எஞ்சின்களை மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். மகாராணி போன பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே கட்டில், சமையல் அறை, குளிக்கிற இடம் எல்லாம் இருந்தன. ரயில் சக்கரம் மாட்டிய ஒரு கார் இருந்தது. அதைச் சுற்றித்தான் எங்கள் ஆண்கள் எல்லாரும் நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிஜமான தண்டவாளம். அவ்வப்போது அங்கே வண்டி போகிற சத்தம் கேட்கும்.

அவர் எதையும் பார்க்கவில்லை. நாங்கள் ஒரு பெட்டியில் ஏறினால் வாசலில் நின்று எண்ணினார். இறங்கினால் எண்ணினார். என் மாமனாருக்குக் காலைக் கோபம் தீரவில்லை.

"யோவ், இது ஓடாத வண்டிதானே? இதுக்கு எதுக்கு எண்ணிகினு நிக்கற?"

"ஓடாதுன்னு எழுதி ஒட்டியிருக்குதுங்களா?"

"எஞ்சினே இல்லாத பெட்டி எங்கய்யா ஓடும்?"

"சரிங்க. நீங்க எறங்குங்க, அப்புறம் பேசலாம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர். மாமனார் என் பின்னால் வந்து தன் டோக்கனை என் கையில் திணித்தார்.

"இதையும் சேத்துப் போட்டுடும்மா. நான் ஒரு நிமிசம் போயிட்டு பின்னாலயே வந்துடறேன். இல்லன்னா அவன் மறுபடியும் ஊரைக் கூட்டுவான்."

"மாமா, அவரு கைக்கு ஒண்ணுன்னுதான்..."

"அட, போட்டுடுன்றேன்."

மாமனார் சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை. மறுத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு யாரிடமும் இல்லை. வரிசை நகர்ந்தது. படியில் அவர் என் முகத்தைப் பார்த்தார். எல்லார் முகத்தையும் அப்படித்தான் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானைக்கு அடியில் இருந்த கையை நீட்டி இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். ரப்பர் என்பதால் சத்தம் வரவில்லை. பித்தளையாக இருந்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும்.

டோக்கன் வாங்கிய பிறகும் அவர் பஸ்ஸுக்குள் நடந்து தலைகளை எண்ணுவது வழக்கம். அப்போது பார்த்து உள்ளே புளிசாதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி பேர் எழுந்து நின்றார்கள். நடக்க வழியில்லை. வெளியே ஒரு போலீஸ்காரர் இங்கே நிறுத்தாதே என்று பஸ்ஸைத் தட்டினார். அவர் டப்பாவை மடியில் கவிழ்த்து இரண்டு தரம் எண்ணினார். பிறகு டிரைவரைப் பார்த்து, "ரைட், போலாம்" என்றார். பஸ் கிளம்பியது.

பெண்கள் எல்லாரும் பின்னால் இருந்தோம். கோமதி அக்கா என் மடியில் இரண்டு பொட்டலம் வைத்தார். "ஒண்ணு உங்க மாமனாருக்கு. முன்னால குடுத்துட்டு வா."

எழுந்து பார்த்தேன். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் மாமனாரின் துண்டு மட்டும் கிடந்தது. வேறு சீட்டில் இருப்பார் என்று பார்த்தேன். இல்லை. திரும்பவும் ஒரு தரம் பார்த்தேன்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் என் குரல் கேட்க வேண்டும். கேட்டதும் எல்லாரும் திரும்புவார்கள். டப்பாவோடு முன்னால் இருந்த அவரும் திரும்புவார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. வெளியே ஒரு சிலை வந்தது, ஒரு சந்தை போனது. மாமனாருக்கு அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது, காது கேட்காது என்று நினைத்துக்கொண்டே இரண்டு பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி, குடுக்கலியா?"

"குடுக்கறேங்க்கா."

பத்து நிமிஷம் இருக்கும். பதினைந்தும் இருக்கலாம். பிறகு எழுந்தேன். சீட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் டிரைவருக்குப் பக்கத்தில் டப்பாவை மூடிக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணே, மாமா ஏறல."

அவர் டப்பாவைப் பார்த்தார். "ஒன்பது இருக்கே."

"நான்தான் போட்டேன். ரெண்டும்."

அவர் என்னைத் திட்டவில்லை. அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நிறுத்து" என்றார். டிரைவர், "இங்க எப்படிங்க நிறுத்தறது, பின்னால வண்டி..." என்று சொல்லும்போதே கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கிவிட்டார். டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டு, வண்டியைத் திருப்பினார்.

மியூசியம் வாசலில் காவலாளி இருந்தார். இவர் இந்தியில் கேட்டார், அவர் கன்னடத்தில் சொன்னார். ஒரு பெரியவர் வந்தார், பஸ் நின்ற இடத்தைப் பார்த்தார், அப்படியே ரோட்டில் போனார் என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஸ்டேஷன் வரும், ஸ்டேஷனில் தமிழ் பேசுகிறவன் ஒருவனாவது இருப்பான் என்று மாமனார் கணக்குப் போட்டிருக்கிறார். அதைப் பிறகு அவரே சொன்னார்.

நாங்கள் ஓடியபோது கேட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தின் நடுவில், தூரத்தில் வெள்ளை வேட்டி தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் எஞ்சின் கூவியது.

"நீ இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடினார். நானும் ஓடினேன். என்னால் பாதி தூரம்தான் முடிந்தது. அவர் கத்தினார். "பெரியவரே! பெரியவரே!" வேட்டி திரும்பவில்லை. எஞ்சின் திரும்பவும் கூவியது. அதுவும் அந்தக் காதுக்குப் போகவில்லை. அவர் எட்டிப் பிடிக்க இன்னும் ரொம்ப தூரம் இருந்தது. ஓடிக்கொண்டே குனிந்து ஜல்லிக் கல்லை எடுத்தார். வீசினார். மாமனாரின் தலைக்கு மேலே போய் முன்னால் விழுந்தது. இன்னொன்று. அது காலடியில் விழுந்து தெறித்தது.

மாமனார் நின்றார். திரும்பினார்.

"எவன்டா அவன், கல்லு வுடறவன்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடிக்கிறதற்காகத் தண்டவாளத்தை விட்டு இறங்கி எங்களை நோக்கி வந்தார். கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் எங்களைத் தாண்டிப் போயிற்று. பெட்டி எதுவும் இல்லாத வெறும் எஞ்சின். வேகம்கூட இல்லை. டிரைவர் வெளியே தலையை நீட்டி ஏதோ திட்டிக்கொண்டே போனார்.

"நீயா? கல்லால அடிக்கறியா? வுட்டுட்டுப் போனதும் இல்லாம கல்லால வேற அடிக்கறியா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

அவர் கற்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. வலது கை தொடையில் தட்ட முயன்றது, முடியவில்லை. மாமனார் அதைப் பார்த்தார். போய்க்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அண்ணே, என்னாலதான்..." என்றேன்.

"ஆளு இருக்காரு இல்ல? பேசாம வாம்மா."

பஸ்ஸில் எல்லாருக்கும் பசியும் எரிச்சலும். டிரைவரைத் தவிர யாருக்கும் நான் சொன்னது கேட்டிருக்கவில்லை. நாங்கள் ஏறியதும் நடு சீட்டிலிருந்து ஒருவர், "என்ன சார், தலையெண்ணிக்கே ஒரு தலை தப்பிடுச்சே!" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. "கண்ணாடி போட்டுக்குங்க சார்" என்றார் இன்னொருவர்.

அவர் என் பக்கம் பார்த்திருந்தால் போதும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

"ஆமாங்க. தப்பா எண்ணிட்டேன்" என்றார்.

நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். "போலாமா சார்?" அவர் படியில் நின்று பஸ்ஸின் உள்ளே பார்த்தார். உதடு அசைந்தது. பின்வரிசை வரை எண்ணி, முதலிலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் ஆரம்பித்தார். "சார், போலாமா?" ரைட் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. பிருந்தாவனத்தில் விளக்கு போட்டுவிடுவார்கள் என்று ஒருவர் முணுமுணுத்தார். "இவர் இன்னிக்கு நம்மள அனுப்ப மாட்டார்" என்றார் கோமதி அக்கா. அந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் கண் பஸ்ஸில் இல்லை.

நான் எழுந்தேன். பின் சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு சீட்டுக் கம்பியையும் தொட்டு, உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்த்து, வாய்விட்டு எண்ணினேன். கூட்டத்தில் என் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கைக்குழந்தையையும் எண்ணினேன். நான் மாமனாருக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். படிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தேன்.

"முப்பத்தெட்டுண்ணே."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒவ்வொரு மூஞ்சியா?"

"ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "போலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பஸ் நெய்வேலி வந்து சேர்ந்தது. பால் பூத்தில் இரண்டு பேர், தலையெண்ணி மைசூரில் ஒரு கிழவரை விட்டுவிட்டு வந்துவிட்டாராமே என்று பேசிக்கொண்டார்கள். நான் பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டூர் எப்படி இருந்தது என்று என் கணவர் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். என் கணவருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட், அந்த பெல்ட் ஓடுகிற பக்கம்தான். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்.